உரப்பையை அவிழ்த்தவள்

சனிக்கிழமை காலையில் திருகோணமலை நகரத்து ஓட்டோக்காரர்கள் எல்லாம் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் முண்டியடித்துக்கொண்டு போக, அன்புவழிபுரத்து இராகுலன் மட்டும் காசில்லாத சவாரி ஒன்றுக்குப் புறப்படுவான். பின்சீற்றில் மனைவி புஷ்பவதியும் மகள் நிவேதிகாவும் இருப்பார்கள். அவர்களுடைய மடியிலும் காலடியிலும் குப்பை சேர்க்க வெறும் உரப்பைக் கட்டு, கூட்டி இழுக்கிற வாரி, கையுறை, பெரிய போத்தலில் தேத்தண்ணி. பள்ளிக்கூட வளவோ, வாய்க்காலோ, கடற்கரையோ, எங்கே ஊர்கூடித் துப்புரவாக்கும் சிரமதானம் என்றாலும் இந்தக் குடும்பம் அங்கே நிற்கும். “வீட்டில உங்களுக்கு வேற வேலை இல்லையோ?” என்று அயலவர்கள் முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறார்கள். புஷ்பவதி கோபிக்கமாட்டாள். “நீங்களும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்” என்பாள். கேட்டவர் அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

கூலி வாங்காமல் வேலை செய்கிறவளைக் கண்டால் ஊர் இரண்டு விதமாகத்தான் கதைக்கும். ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். தலை கழன்றுவிட்டது என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டும் புஷ்பவதியின் காதுக்கு வந்து சேர்ந்தவைதான். அவள் முன்பள்ளி ஆசிரியை. நாலு வயதுக் குழந்தைகளோடு நாள் முழுக்கக் கத்திக் கத்தி, தொண்டை எப்போதும் கரகரத்தே இருக்கும். ஆள் கட்டை, நடை வேகம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள் என்றால் இனி அவளை யாரும் நிறுத்த முடியாது என்று அர்த்தம்.

உள்நோக்கம் என்று ஒன்று அவளுக்கு இருந்தது உண்மைதான். அது மகளைப் பற்றியது.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தப் பிரச்சினையில் புஷ்பவதியின் குடும்பம் வீட்டை விட்டு ஓடி, ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தது. அப்போது அவள் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் சோறு கிடைத்தது, பாய் கிடைத்தது. ஆனால் கக்கூசுக்குக் கதவில்லை. பெரிய பெண்கள் ஒருவருக்கொருவர் சேலை பிடித்துச் சமாளித்தார்கள். சின்னப் பெண்பிள்ளைகள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். ஒருநாள் யாரோ பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தலைவாரி, வரிசையில் நிறுத்தி, வரவேற்புப் பாட்டுப் பழக்கினார்கள். பாட்டு முடிந்ததும் வந்தவர்களில் ஒரு பெண்மணி குனிந்து, “உனக்கு என்ன வேணும் பிள்ளை?” என்று கேட்டார். புஷ்பவதி வாயைத் திறந்தாள். பின்னால் நின்ற தாய் அவளுடைய கையின் உட்புறச் சதையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். “ஒண்டும் வேண்டாம்” என்றாள் புஷ்பவதி. அந்தப் பெண்மணி தலையைத் தடவிவிட்டுப் போனார். கதவு கடைசிவரை வரவில்லை.

தாயை அவள் குறை சொன்னதில்லை. பயந்த காலம், பயந்த சனம். ஆனால் தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தபோது, இது வாய் திறக்கும்போது பின்னால் நின்று நான் கிள்ளமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கோயிலில் வைத்த நேர்த்தியைவிட அதைப் பெரிதாக நினைத்திருந்தாள்.

நிவேதிகாவுக்குப் பத்து வயதானபோது புஷ்பவதி ஏழெட்டுக் குடும்பங்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கினாள். தாய் தகப்பன் பிள்ளை என்று எல்லோருமாக வரவேண்டும், பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் படுக்கக்கூடாது என்பது முதல் நிபந்தனை. கிண்ணியாவிலிருந்து அவளுடைய சினேகிதி பஸ்னாவும் புருஷன் ஹஸனும் மூன்று பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். பஸ்னாவும் முன்பள்ளி ஆசிரியைதான். பயிற்சி வகுப்பொன்றில் பழக்கமாகி, பெருநாளைக்கு வட்டிலப்ப இனிப்பும் பொங்கலுக்குப் பொங்கலும் கைமாறுகிற அளவுக்கு நெருங்கியவர்கள்.

அந்தப் பகுதி ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் கனகரத்தினம். இளைப்பாறிய உத்தியோகத்தர், வெள்ளைச் சேர்ட்டில் மடிப்புக் கலையாத மனுஷன். கெட்டவர் என்று சொல்ல ஏலாது. ஊருக்கு ஒரு லைற் கம்பம் வேண்டுமென்றால் பத்துத் தரம் அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறி இறங்குவார். என்ன, எந்தக் காரியத்துக்கும் ஒரு மேடையும் ஒரு படமும் இல்லாவிட்டால் அவருக்கு அது காரியமாகத் தெரியாது. குழு தொடங்கியபின் நடந்த சங்கத்தின் முதல் கூட்டத்துக்குப் புஷ்பவதி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனபோது அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“சின்னப் பிள்ளையளுக்குக் கூட்டத்தில என்ன அலுவல் தங்கச்சி? அங்கால விளையாட விடுங்கோ.”

“குப்பை பொறுக்க மட்டும் பிள்ளையள் வேணும், கதைக்க வேண்டாமோ ஐயா?” என்றாள் புஷ்பவதி. தலைப்பு இடுப்புக்குப் போயிருந்ததைக் கண்டு அவர் கூட்டக் குறிப்பை வாசிக்கத் தொடங்கினார்.

அவளுடைய குழுவில் பிள்ளைகள்தான் முதலில் கதைப்பார்கள். எதையும் தீர்மானிப்பதென்றால் கை உயர்த்துவார்கள், பெரியவர் கையும் சின்னவர் கையும் ஒரே பெறுமதி. அவள் விட்டுக்கொடுக்காத ஒன்று இன்னும் இருந்தது. பிள்ளைக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கக்கூடாது. நம் ஊர்களில் பிள்ளையின் பேச்சு என்றால் தாய் எழுதி, தகப்பன் திருத்தி, ரியூசன் வாத்தியார் பழமொழி செருகி, பிள்ளை கிளி மாதிரி ஒப்பிப்பதுதானே வழக்கம். புஷ்பவதிக்கு அது கண்ணில் காட்டக்கூடாது. “அது தாய்தகப்பன்ர பேச்சு. மைக் மட்டுந்தான் பிள்ளையின்ர” என்பாள்.

நிவேதிகா முதன்முதலில் எழுந்து பேசியது மான்களைப் பற்றி. கோட்டையடியிலும் பஸ் நிலையத்தடியிலும் திரிகிற மான்கள் பார்சல் சோற்றோடு அதைச் சுற்றிய பொலித்தீன் லஞ்ச் சீற்றையும் சேர்த்துத் தின்பதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். “மானுக்கு வாசிக்கத் தெரியாது. குப்பை போடாதையுங்கோ எண்டு பலகை வச்சால் அது வாசிக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு. வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள்தானே போடுகினம். மூடி உள்ள பீப்பாய் வைப்பம்” என்றாள். பேச்சு அவ்வளவுதான். நடுவில் மூச்சு வாங்கியது, குரல் நடுங்கியது. எல்லோரும் சிரித்தார்கள், பிறகு கை உயர்த்தினார்கள். இராகுலன் பழைய தார் பீப்பாய்களை வாங்கி வெட்டி மூடி போட்டான். இரண்டு வாரத்தில் கோட்டையடியில் பீப்பாய்கள் நின்றன. அன்று இரவு புஷ்பவதி குசினி அடுப்படியில் நின்று அழுதாள். கதவு இப்போதுதான் வந்து சேர்ந்தது போல இருந்தது அவளுக்கு.

நிவேதிகாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நிரம்பிய உரப்பைகளின் வாயைக் கட்டுவது அவள்தான். இராகுலன் கல்யாணத்துக்கு முன் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். அவன் பழக்கிய முடிச்சு, உரப்பையைத் தூக்கி எறிந்தாலும் கழலாது. ஆனால் நுனியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தால் அவிழ்ந்துவிடும். பிள்ளை ஒவ்வொரு உரப்பையாகக் கட்டிவிட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டுவாள். வேலை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அடுத்த வருஷம் பிள்ளைகள் கூடிக் கேட்டது ஒரு பூங்கா. கோட்டையடிக் கடற்கரைக்குப் பக்கத்தில் வெறுமனே கிடந்த துண்டு நிலத்தில் ஊஞ்சலும் சறுக்கும் வேண்டும் என்று எல்லாக் கையும் உயர்ந்தது. கனகரத்தினம் அந்தக் கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். நாலைந்து மாதம் கழித்து வாயெல்லாம் பல்லாக வந்தார். கொழும்பிலிருந்து இதற்கு அனுமதி கொடுக்கக்கூடிய பெரிய அதிகாரி ஒருவர் வருகிறாராம். கோட்டையடிக் கடற்கரையில் ஒரு சிரமதானம் வைத்து, அதை அவர் கையால் ஆரம்பித்து வைக்கவேண்டுமாம்.

“சந்தோஷமாப் போனாரெண்டா அந்த இடத்திலயே ஓமெண்டு சொல்லிப்போடுவார். எல்லாம் உங்கட கையிலதான் தங்கச்சி” என்றார்.

அந்தச் சனிக்கிழமை குடும்பங்கள் எல்லாம் விடியுமுன்பே கடற்கரைக்கு வந்துவிட்டன. வெயில் ஏறினால் அந்த மணலில் கால்வைக்க ஏலாது. அதிகாரி வரும்வரை சும்மா நிற்பதுதான் ஒழுங்கு. ஆனால் வாரியும் உரப்பையும் கையில் இருக்க, கண் முன்னால் குப்பை கிடக்க, பழகிய சனம் எப்படிச் சும்மா நிற்கும்? “தொடங்குவம். அவர் வரேக்க கொஞ்சம் மிஞ்சியிருக்கும்தானே” என்று சொன்னது புஷ்பவதியேதான். மிஞ்சவில்லை. நிவேதிகாவும் பஸ்னாவின் மூத்த மகள் இன்ஷிராவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் போட்டிக்குப் பொறுக்கினார்கள். அறுந்த வலைத்துண்டு, யோகட் கோப்பை, பிளாஸ்ரிக் போத்தல், சொப்பிங் பேக், லஞ்ச் சீற் என்று எல்லாம் உரப்பைக்குள் போயின. அதிகாரி வரப் பிந்தியது. வெயில் ஏறியபோது கரை முழுக்க வாரி இழுத்த கோடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. கரையோர மதிலடியில் உரப்பைகள் வரிசையாக, வாய் கட்டி, தட்டுத் தட்டப்பட்டு நின்றன. நிவேதிகா அவற்றுக்கு முன்னால் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தைப் புஷ்பவதி அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

கனகரத்தினம் விழாப் பனர் துணியோடு வந்து இறங்கினார். கரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள் தங்கச்சி?”

“துப்புரவாக்கிப்போட்டம் ஐயா.”

“அது தெரியுது. இப்ப அவர் வந்து என்னத்தை ஆரம்பிச்சு வைக்கிறது? வெறும் மணலையோ?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “படம் எடுக்க ஆள் வருகுது. ஒரு கையளவு குப்பைகூட இல்லாமல் அவர் வாரியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் எங்களைப் பாத்துச் சிரிக்கமாட்டினமோ? வந்த மனுஷன் அவமானப்பட்டுப் போனாரெண்டா பூங்கா கனவுதான்.”

“அப்ப என்ன செய்யிறது?”

அவர் மதிலடியைப் பார்த்தார். “அஞ்சாறு உரப்பையை அவிட்டுக் கொட்டுங்கோ. அவர் போனபிறகு திருப்பி அள்ளுவம். என்ன பெரிய வேலை?”

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்தது. சிலர் மணலைப் பார்த்தார்கள். பஸ்னா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு புஷ்பவதியின் பக்கத்தில் வந்தாள்.

“டீச்சர், பொறுக்கினது புள்ளைகள். அதுகள்ட கண்ணுக்கு முன்னால கொட்டச் சொல்றாரு. நீங்க மாட்டன் எண்டு சொல்லுங்க.”

புஷ்பவதி வாய் திறக்குமுன் நிவேதிகா நடுவில் வந்து நின்றாள். பதினொரு வயது. பயமில்லாத குரல். அந்தக் குரலை வளர்த்தது யார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“அம்மா, எதெண்டாலும் கை உயர்த்தித்தானே செய்வம். இதுக்கும் கேளுங்கோ.”

நியாயமான கேள்வி. புஷ்பவதி போட்ட சட்டம்தான் அது. கேட்டிருந்தால் எந்தக் கை உயர்ந்திருக்கும், எது உயர்ந்திராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை. பூங்கா கண்ணுக்கு முன்னால் நின்றது. இவ்வளவு பிள்ளைகள் ஆடப்போகிற ஊஞ்சல் ஒரு காலைநேரக் கூத்தினால் கைவிட்டுப் போகலாமா என்று மனம் கணக்குப் போட்டது. நல்ல காரியத்துக்காக என்று ஒரு சொல் நமக்குள் எப்போதும் தயாராக இருக்கிறதே, அது வந்து அவள் நாக்கில் குந்திக்கொண்டது.

“இது கை உயர்த்துற விசயம் இல்லை பிள்ளை. பெரியாக்கள் சொன்னாக் கேக்கோணும்” என்றாள்.

பெரியாக்கள் என்ற சொல்லை அந்தக் குழுவில் அவள் அதுவரை பாவித்ததில்லை. இராகுலன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் மதிலடிக்குப் போய், முதல் உரப்பையின் முடிச்சு நுனியைப் பிடித்து இழுத்தாள். வள்ளக்காரன் முடிச்சு, ஒரே இழுவையில் அவிழ்ந்தது. உரப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். வலைத்துண்டும் போத்தலும் புளித்த சோறு ஒட்டிய லஞ்ச் சீற்றும் மணலில் பரவின. அவளைப் பார்த்து மற்றத் தாய்மாரும் அவிழ்க்கத் தொடங்கினார்கள். தாய்மார் செய்ததைப் பார்த்துப் பிள்ளைகளும். சின்னவர்களுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது, காலால் உதைத்து உதைத்துப் பரப்பினார்கள்.

பஸ்னா மட்டும் தன் பிள்ளைகளின் கையைப் பிடித்தாள். “நாங்க போறம் டீச்சர்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் புஷ்பவதி இரவிலாவது நித்திரை கொண்டிருப்பாள். ஹஸன் வானைத் திருப்பினான். இன்ஷிரா பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே போனாள்.

அதிகாரி வந்தார். களைத்த மனுஷன், இரவெல்லாம் பிரயாணம் செய்த கண்கள். கையுறை கொடுத்தார்கள், தொப்பி கொடுத்தார்கள், வாரியைக் கொடுத்தார்கள். இரண்டு தரம் இழுத்தார், படம் எடுத்தார்கள். கொட்டிய குப்பையின் வாசனைக்குக் கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டை மான் இறங்கி வந்து, லஞ்ச் சீற் ஒன்றை வாயில் கவ்வி மென்றது. படக்காரன் துள்ளிக் குதித்தான். “சேர், அப்பிடியே நில்லுங்கோ. மானோட சேத்து எடுத்தா வடிவா இருக்கும்.” அதிகாரி நின்றார். கனகரத்தினம் நின்றார். மான் மென்று விழுங்கியது. நிவேதிகா ஓடிப்போய் அதை விரட்டப் பார்த்தாள். கனகரத்தினம் கையைக் காட்டி அவளைத் தடுத்தார், படம் கெட்டுவிடுமாம்.

படம் முடிந்தபிறகு அதிகாரி பிள்ளைகள் பக்கம் வந்தார். முன்னால் நின்றவள் நிவேதிகா.

“மகள், நீங்களும் உதவி செய்ய வந்தீங்களா? இன்றைக்கு என்ன செய்தீங்கள்?”

“நாங்கள் விடியவே வந்து முழுக்க...” என்று தொடங்கினாள் பிள்ளை.

புஷ்பவதி பின்னால் நின்றாள். யோசித்துச் செய்தாள் என்று யாரும் சொல்ல ஏலாது. விரல்கள் தாமாகவே போய்ப் பிள்ளையின் கையின் உட்புறச் சதையைப் பிடித்து ஒரு கிள்ளுக் கிள்ளின. எந்த இடத்தில் கிள்ளவேண்டும், எவ்வளவு கிள்ளவேண்டும் என்று அந்த விரல்களுக்கு முப்பது வருஷமாகத் தெரிந்திருந்தது.

நிவேதிகாவின் வாய் மூடிக்கொண்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பிள்ளைக்குக் கொஞ்சம் கூச்சம் சேர்” என்றாள் புஷ்பவதி. அதிகாரி சிரித்து, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

குப்பையைத் திரும்ப அள்ளியது புஷ்பவதியும் இராகுலனும் இன்னும் நாலைந்து பேரும்தான். கனகரத்தினம் அதிகாரியோடு சாப்பாட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் வெயில் என்று ஒதுங்கிவிட்டார்கள். உரப்பைகளை இந்த முறை இராகுலன் கட்டினான். ஓட்டோவில் திரும்பும்போது நிவேதிகா கையை மடிக்குள் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். தகப்பன் கண்ணாடியால் இருவரையும் பார்த்துவிட்டு, பஸ் நிலையம் தாண்டியபிறகு ஒன்றே ஒன்று சொன்னான்.

“மான் திண்டதைத் திருப்பி அள்ள ஏலாது புஷ்பா.”

அன்று மாலை புஷ்பவதி மகளைப் பக்கத்தில் இருத்தி விளங்கப்படுத்தப் பார்த்தாள். பூங்கா வந்தால் எவ்வளவு நல்லது, சிலவேளை கொஞ்சம் வளைந்துகொடுக்கத்தான் வேணும், பெரிய காரியத்துக்குச் சின்னச் சின்ன விட்டுக்கொடுப்பு. சொல்லச் சொல்ல அவளுக்கே அது கனகரத்தினத்தின் குரல் போலக் கேட்டது. பிள்ளை சண்டை பிடிக்கும், அழும் என்று காத்திருந்தாள். அதற்குப் பதில் வைத்திருந்தாள்.

“சரி அம்மா” என்றாள் நிவேதிகா.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். கூட்டத்துக்குப் போவோமா, சரி அம்மா. வாய்க்கால் துப்புரவாக்குவோமா, சரி அம்மா. கை உயர்த்தும்போது பிள்ளை முதலில் தாயின் கையைப் பார்த்தது. அது உயர்ந்தால் தானும் உயர்த்தியது. ஒரு குறையும் சொல்ல ஏலாத பிள்ளையாகிவிட்டாள். “என்ன ஒழுக்கமான பிள்ளை, எப்பிடி வளத்திருக்கிறா” என்று அயலில் சொன்னார்கள். புஷ்பவதி கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். பஸ்னாவுக்கு இரண்டு மூன்று தரம் போன் எடுத்தாள். அவள் எடுத்து அன்பாகத்தான் கதைத்தாள், சுகம் விசாரித்தாள். வான் பழுது, பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போகவேண்டும், பிறகு பார்ப்போம் என்றாள். அந்தப் பிறகு வரவே இல்லை. பெருநாள் வந்தது, வட்டிலப்பம் வரவில்லை.

பூங்கா வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊஞ்சல் இரண்டு, சறுக்கு ஒன்று, சுற்றிவரக் கம்பி வேலி, வாசலில் பெயர்ப்பலகை. பிள்ளைகள் அங்கே உண்மையாகவே ஆடுகிறார்கள், சிரிக்கிறார்கள். புஷ்பவதி செய்தது வீண் என்று யாரும் சொல்ல ஏலாது. சொல்ல ஏலாதபடியால்தான் அது இன்னும் கசந்தது.

திறப்பு விழாவுக்கு நன்றியுரை சொல்ல நிவேதிகாவைத்தான் கனகரத்தினம் கேட்டார். புஷ்பவதிக்கு உள்ளே ஒரு நப்பாசை எழுந்தது. மேடையில் ஏறினால் பிள்ளைக்குப் பழைய வாய் வந்துவிடும், மானைப் பற்றியாவது ஏதாவது சொல்லும், தன்னைத் தலைகுனிய வைத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாள்.

“என்ன சொல்லப்போறாய் பிள்ளை?” என்று மெல்லக் கேட்டாள்.

“நீங்கள் எழுதித் தாங்கோ அம்மா. நான் பாடமாக்கிச் சொல்லுறன்.”

“நாங்கள் எழுதிக் குடுக்கிறேல்லைத்தானே...”

“பிழையா ஏதும் சொல்லிப்போட்டனெண்டா?” என்றாள் பிள்ளை. முகத்தில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. உண்மையாகவே பயந்து கேட்டாள்.

புஷ்பவதி எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் கை நின்றது. மதிப்பிற்குரிய என்று தொடங்கி, என்றென்றும் கடமைப்பட்டுள்ளோம் என்று முடித்தாள். நிவேதிகா மேடையில் ஏறி, ஒரு இடத்திலும் மூச்சு வாங்காமல், குரல் நடுங்காமல், அச்சுப் பிசகாமல் சொன்னாள். பலத்த கைதட்டல். கனகரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விழா முடிந்து குளிர்பானம் குடிக்கும்போது அந்த அதிகாரி தற்செயலாகப் புஷ்பவதியின் பக்கத்தில் நின்றார்.

“அன்றைக்கு நான் நல்லாப் பிந்திவிட்டேன் இல்லையா? நீங்கள் எல்லாம் அள்ளி முடித்திருப்பீங்கள் என்றுதான் நினைச்சு வந்தேன். அப்படி இருந்திருந்தால் நானும் வேளைக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம். பூங்கா அனுமதிக் கடிதம் அதுக்கு முன்னமே கையெழுத்தாகிவிட்டதே” என்று சிரித்தார்.

புஷ்பவதி கையிலிருந்த குளிர்பானப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை கோட்டையடிக் கடற்கரையில் மறுபடியும் சிரமதானம். அழைப்பு இல்லை, பனர் இல்லை, வழமையான வேலை. பஸ்னாவின் வான் நிற்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. இராகுலன் ஓட்டோவை மதிலடியில் நிறுத்தினான். நிவேதிகா சொன்னபடி கையுறை போட்டாள், சொன்ன பக்கம் பொறுக்கினாள், ஒரு தரமும் முகம் சுளிக்கவில்லை. வெயில் ஏறும்போது உரப்பை நிரம்பிவிட்டது. புஷ்பவதி சற்றுத் தள்ளி நின்று, பிள்ளை முடிச்சுப் போட்டு மேலே ஒரு தட்டுத் தட்டுவதைப் பார்க்கலாம் என்று காத்திருந்தாள். அதைப் பார்த்துக் கன நாளாகிவிட்டது.

நிவேதிகா உரப்பையின் வாயை ஒரு கையால் சேர்த்துப் பிடித்தபடி, மறுகையில் கயிற்றோடு நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

“அம்மா, இதைக் கட்டட்டோ, கட்டாமல் விடட்டோ? இண்டைக்கும் ஆரும் வருகினமோ?”